கயிறு யார் கையில்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கரையோரத்தில் ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்லுவார்கள். கல்லின் பாரத்தோடு கடலில் இறங்குகிறவனின் உயிர் ஒரு கயிற்றில் இருக்கிறது. அடியில் இருக்கிற பாரில் சிப்பியை அள்ளுகிறான். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைக்கிறான். மேலே தோணியில் நிற்கிறவன் அந்த அசைவை உணர்ந்து சட்டென்று இழுக்க வேண்டும். ஒரு கணம் அயர்ந்தால் போயிற்று! ஆகையால் அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பானாம். உடன்பிறந்த தம்பியைக்கூட நம்பமாட்டானாம். பங்காளிக்குப் பங்கின்மீது ஒரு கண் இருக்கலாம். மனைவியோடு பிறந்தவனுக்கோ தன் சகோதரி தாலி இழக்கக் கூடாதே என்ற பதைப்பு இருக்கும். அந்தப் பதைப்புதான் கயிற்றை இறுகப் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அழகான கணக்குத்தான். ஒரு பெண்ணின் தாலியை நடுவில் வைத்து இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். ஆனால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. கடலில் இறங்கியவன் கயிற்றை அசைத்தால் இழுக்க ஆள் இருக்கிறது. அந்தச் சகோதரி, தாழிட்ட அறைக்குள் மூச்சு முட்டிக் கயிற்றை அசைத்தால் இழுப்பார் யார்?

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனைவியின் சம்மதமில்லாமல், அவள் வேண்டாம் என்று கதறக் கதற, கணவன் அவளைப் பலாத்காரம் செய்தால், அதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் வல்லுறவு என்று பெயர் இல்லை. அதே காரியத்தை அடுத்த வீட்டுக்காரன் செய்தால் குறைந்தது பத்து வருஷம் கடுங்காவல். கணவன் செய்தால், சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ம் பிரிவில் இரண்டாவது விதிவிலக்கு அப்படித்தான் சொல்லுகிறது. மனைவிக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தால் போதும். அவளுக்குச் சம்மதமா என்ற கேள்வியே அங்கே கிடையாது.

"இந்தப் பேச்செல்லாம் குடும்பத்தில் நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் எதற்கு?" என்று சில அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். குடும்பத்தில் நாலு பேர் படிப்பதனால்தான் எழுதுகிறேன். அந்த நாலு பேரில் ஒருத்திக்கு இது தெரிந்த விஷயமாக இருக்கலாம். மற்ற மூன்று பேருக்கும் தெரியாமல் அவள் அதை வைத்துக்கொண்டிருக்கலாம்.

கதை படிக்கிறவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் நன்றாகத் தெரியும். கல்யாணம் முடிகிறது, அறைக்குள் பால் சொம்போடு பெண் போகிறாள், விளக்கு அணைகிறது, பிறகு மூன்று புள்ளிகள். அடுத்த அத்தியாயத்தில் விடிந்துவிடும். சினிமாவிலானால் இரண்டு பூக்கள் உரசிக்கொள்ளும். அந்த மூன்று புள்ளிகளுக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. நல்லதுதான் நடந்திருக்கும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. 1966-ல் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணை அயலான் ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுக்கிறான். வீடு திரும்பியவளைத் தாய் குளிப்பாட்டி, உன்மீது களங்கமில்லை என்கிறாள். தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. தாய் செய்தது சரியா, தப்பா என்று திண்ணைக்குத் திண்ணை விவாதம். நல்லது. அந்தக் காரில் இருந்தவன் தாலி கட்டினவனாக இருந்திருந்தால்? விவாதமே இல்லை, கதையே இல்லை, மூன்று புள்ளிகள்தான்.

நம் பழைய சொல்லே இந்தக் குட்டை உடைத்துவிடுகிறது. 'கற்பழிப்பு' என்றுதான் நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லில் பெண்ணின் வலி இல்லை, பயம் இல்லை, சம்மதம் இல்லை; கற்பு மட்டும் இருக்கிறது. கற்போ கணவனுக்கு உரிய சொத்து என்பது நினைப்பு. உடையவனே தன் சொத்தை எடுத்துக்கொண்டால் திருட்டு எங்கே வந்தது? ஆகவே கணவன் செய்கிற பலாத்காரத்துக்குத் தமிழில் பெயர் இல்லாமலே போயிற்று. பெயர் இல்லாத நோய்க்கு வைத்தியன் மருந்து தருவதில்லை.

இனி, இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மனுதர்மத்தைத் தேடிப் போகவேண்டாம், இங்கிலாந்துக்குப் போகலாம். பதினேழாம் நூற்றாண்டில் மாத்யூ ஹேல் என்று ஒரு பெரிய நீதிபதி இருந்தார். விவாகம் என்பது ஓர் ஒப்பந்தம். அதில் மனைவி தன்னைக் கணவனுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டாள். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்று அவர் எழுதி வைத்தார். அவர் 1676-ல் இறந்தார். புத்தகம் 1736-ல் வெளிவந்தது. வழக்கு இல்லை, சாட்சி இல்லை, சட்டசபைத் தீர்மானம் இல்லை. செத்துப்போன ஒருவரின் ஓர் அபிப்பிராயம். அதை மெக்காலே 1837-ல் எழுதிய நகல் சட்டத்தில் சேர்த்தார். 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது ஏறிக்கொண்டது. அப்போது அந்தச் சட்டம் வைத்த வயது வரம்பு என்ன தெரியுமா? பத்து. பத்து வயது நிறைந்த மனைவியிடம் கணவன் எது செய்தாலும் வல்லுறவு இல்லை.

அதே 1860-ல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்புச் சர்க்காரின் ஏகபோகம். பாரில் கிடக்கிற சிப்பி முற்றியிருக்கிறதா, இன்னும் பிஞ்சா என்று மாதிரி எடுத்து, எண்ணி, நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவதற்கு உத்தரவு கொடுப்பார்கள். பிஞ்சுச் சிப்பியை எடுத்தால் பார் பாழாகிவிடும், வருமானம் போய்விடும் என்ற கவலை. சிப்பிக்கு வயது பார்த்த சர்க்காருக்குப் பெண் குழந்தையின் வயதைப் பார்க்க மனம் வரவில்லை!

பிறகு அந்த வயது வரம்பு ஏறிய கதையைப் பாருங்கள். 1889-ல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, பன்னிரண்டு வயதுகூட நிறையாத நிலையில், கணவனோடு இருந்த இரவில் இரத்தம் பெருகி இறந்தாள். அவள் பத்தைத் தாண்டியிருந்தபடியால் வல்லுறவு வழக்குப் போட முடியவில்லை. அவனுக்குக் கிடைத்த தண்டனை ஒரு வருஷக் கடுங்காவல். நாடு அதிர்ந்து, 1891-ல் வரம்பு பன்னிரண்டாயிற்று. 1925-ல் பதின்மூன்று. சுதந்திரம் வந்தபின் 1949-ல் பதினைந்து. அங்கே அறுபத்தெட்டு வருஷம் நின்றுவிட்டது. பதினெட்டுக்குக் கீழே கல்யாணமே கூடாது என்று ஒரு சட்டம் சொல்ல, பதினைந்து வயது மனைவியைப் பலாத்காரம் செய்யலாம் என்று இன்னொரு சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்தான் அதைப் பதினெட்டு ஆக்கியது. பத்திலிருந்து பதினெட்டுக்கு வர நூற்று ஐம்பத்தேழு வருஷம்.

ஒவ்வொரு படியிலும் கூச்சல் எழுந்தது. 1891 மசோதாவை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் திலகர். அந்நிய அரசு நம் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அவர் வாதம். திலகரைக் குருவாகக் கொண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை இதே தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் கோரல் மில் தொழிலாளர்களோடு நின்றார். அந்தத் தியாகத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் திலகர் சொன்ன அந்த ஒரு வாதத்துக்கு இன்று காலும் இல்லை, கையும் இல்லை. அந்நியன் போய்விட்டான், வீட்டுக்குள் நுழையாதே என்ற கூச்சல் மட்டும் போகவில்லை. அடிமைக் காலத்துச் சட்டங்களைத் துடைத்தெறிந்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டு புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். எண் மாறிற்று, பெயர் மாறிற்று. ஹேல் துரையின் வாக்கியம் மட்டும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அவர் பிறந்த நாட்டிலேயே 1991-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நேபாளத்தில் சுப்ரீம் கோர்ட் 2002-ல் போட்டுவிட்டது. தூத்துக்குடியிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிற இலங்கையிலோ 1995-ல் சட்டத்தைத் திருத்தியபோதுகூட, கோர்ட்டு உத்தரவால் பிரிந்து வாழ்கிற மனைவிக்கு மட்டுமே காப்பு வைத்தார்கள். கடலுக்கு இரு கரையிலும் ஒரே உப்புக் காற்றுத்தான்.

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். ஒளிக்காமல் முழுதாகவே எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: கல்யாணம் செய்துகொண்டதே சம்மதம்தானே? இது ஏலக்காரன் வாதம். முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பியைத் திறந்து பார்த்து விற்கமாட்டார்கள். ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் குவித்து, மூடிய சிப்பியாகவே ஏலம் விடுவார்கள். எடுத்தவன் பாடு, உள்ளே முத்து இருந்தாலும் அவனுடையது, வெறும் சதை இருந்தாலும் அவனுடையது. கல்யாணமும் அப்படி ஓர் ஏலம் என்று நினைக்கிறவர்கள்தான் ஒரு நாள் சம்மதம் ஆயுள் முழுதும் செல்லும் என்பார்கள். சிப்பிக்கு வாய் இல்லை. பெண்ணுக்கு இருக்கிறது. நேற்றுச் சரி என்றவள் இன்று காய்ச்சலில் கிடக்கலாம், பிள்ளை பெற்ற உடம்பாக இருக்கலாம், மனசு கசந்திருக்கலாம். காரணமே சொல்லாமலும் வேண்டாம் என்று சொல்லலாம்.

சட்டத்தின் வேடிக்கையைப் பாருங்கள். மணப்பெண்ணுக்குத் தாய்வீட்டில் போட்ட முத்துமாலை அவளுடைய சீதனம். அது அவளுக்கே உரியது. கணவன் திருப்பித் தராமல் அமுக்கிக்கொண்டால் நம்பிக்கை மோசடி என்று சுப்ரீம் கோர்ட் 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. மாலையைத் தொட்டால் குற்றம். மாலை கிடக்கிற கழுத்தை நெரித்து அவளை வசப்படுத்தினால், அந்தக் காரியத்துக்கு உரிய பெயர் இல்லை. மாலை அவளுடையது, கழுத்து யாருடையது?

இரண்டாவது வாதம்: குடும்பம் குலைந்துவிடும். 2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, நீதிபதி வர்மா தலைமையில் அமைந்த குழு 2013 ஜனவரியில் இந்த விதிவிலக்கை எடுத்துவிடுங்கள் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தது. பார்லிமெண்டுக் குழுவோ, அப்படிச் செய்தால் குடும்ப அமைப்பே பெரும் நெருக்கடிக்கு ஆளாகும் என்று கவலைப்பட்டது. நான் கேட்கிறேன்: ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதால்தான் நிற்கும் என்கிற குடும்பம் என்ன குடும்பம்? கணவன் மனைவியை அறைந்தால் குற்றம். வரதட்சிணை கேட்டு வதைத்தால் குற்றம் என்று 1983-ல் சட்டம் செய்தோம். அன்றும் இதே ஒப்பாரி வைத்தார்கள். குடும்பங்கள் இருக்கின்றன. தாம்பத்தியம் என்பது பலாத்காரத்தின்மேல் கட்டிய கட்டடம் என்று சொல்லுகிறவர்கள்தான் தாம்பத்தியத்தை அவமதிக்கிறார்கள். மனைவியின் முகம் பார்த்து நடக்கிற லட்சோப லட்சம் கணவன்மாரை அவர்கள் அவமதிக்கிறார்கள்.

மூன்றாவது வாதம்: பொய் வழக்குப் போடுவார்கள். போடுவார்கள், சிலர். எந்தச் சட்டத்தில்தான் போடவில்லை? உப்பில் மண்ணைக் கலந்து விற்கிறவன் இருக்கிறான் என்பதற்காகத் தூத்துக்குடியில் உப்பளங்களை மூடிவிட்டார்களா? உப்பைச் சோதிக்கிறோம். வழக்கையும் சோதிப்போம். வழக்குப் போடுவது வேறு, நிரூபிப்பது வேறு. குற்றத்தைச் சந்தேகமின்றி நிரூபிக்கிற பாரம் சர்க்கார் தரப்பின் தலையில் இருக்கிறது. இருக்கட்டும், அதைக் குறைக்கச் சொல்லவில்லை.

நான்காவது வாதம்: தாழிட்ட அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது? வரதட்சிணைக் கொலைகளும் தாழிட்ட வீட்டுக்குள்தான் நடந்தன. உடம்பில் காயம் சாட்சி; வைத்தியர் குறிப்புச் சாட்சி; அன்றிரவே தாய்க்கோ தோழிக்கோ சொன்ன வார்த்தை சாட்சி. சில வழக்குகளில் சாட்சி போதாமல் போகும். நிரூபிக்கக் கடினம் என்பது வேறு. குற்றமே இல்லை என்பது வேறு. இரவில் திருடுகிறவனைப் பிடிப்பது கஷ்டம் என்று இரவுத் திருட்டைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களா?

ஐந்தாவது வாதம்தான் எனக்குச் சிரிப்பையும் கோபத்தையும் ஒருங்கே தருகிறது. இது மேல்நாட்டுச் சரக்காம். நம் பண்பாட்டுக்கு ஒவ்வாததாம்! இதைச் சொல்லுகிறவர்கள் தமிழ் படித்தார்களா என்று சந்தேகமாயிருக்கிறது. அகப்பொருளில் மருதத்திணைக்கு உரிப்பொருள் என்ன? ஊடல். பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வருகிற தலைவனுக்குத் தலைவி கதவைத் திறப்பதில்லை. தோழி வாசலில் நின்று, உள்ளே வராதே என்கிறாள். 'வாயில் மறுத்தல்' என்று அதற்கு ஒரு துறையே வகுத்தார்கள். அவன் பாணனைத் தூது விடுகிறான், கெஞ்சுகிறான், காத்திருக்கிறான். ஊரே போற்றுகிற பெருமகன் அந்தக் கதவை உடைப்பதில்லை. உடைப்பவனுக்கு அன்பின் ஐந்திணையில் இடமில்லை. ஒத்த அன்பில்லாத பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்று புறத்தே ஒதுக்கினார்கள். வள்ளுவரோ இன்பத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களையும் புலவிக்கும் ஊடலுக்குமே கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கு உரிமை இருந்தால் அல்லவா ஊடல்? அந்த உரிமையை எடுத்துவிட்டால் மருதத்திணையே இல்லை! மறுக்கிற மனைவி நம்முடையவள். மறுக்க முடியாத மனைவி இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான சரக்கு. அன்று வாழ்ந்த பெண்களுக்கெல்லாம் கதவு அடைக்க முடிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலக்கியம் எதை மேன்மை என்று வைத்தது என்பதில் சந்தேகமில்லை.

மறுத்ததற்காகக் கோர்ட்டு ஏறிய பெண்களும் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்ணுக்குப் பதினொரு வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். வளர்ந்தபின் அவள் கணவனோடு வாழ மறுத்தாள். அவன் வழக்குப் போட்டான். 1887-ல் கோர்ட்டு, கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறைக்குப் போ என்றது. சிறைக்கே போகிறேன் என்றாள் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண். 1888-ல் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அவன் விலகினான். அவள் லண்டன் போய் வைத்தியம் படித்து, டாக்டராகத் திரும்பி வந்து, ஆயிரக்கணக்கான பெண்களின் பிரசவம் பார்த்தாள். சிறையைவிடப் பயங்கரமாக ஒரு வீடு இருக்க முடியும் என்று அவள் நாட்டுக்குச் சொன்னாள். நாடு கேட்டுக்கொண்டது, மறந்துவிட்டது. மனைவியைச் 'சேர்ந்து வாழ' வா என்று உத்தரவிடுகிற பிரிவு இந்து விவாகச் சட்டத்தில் 1955-ல் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. 1983-ல் ஆந்திர ஹைகோர்ட் நீதிபதி சௌத்ரி, டி. சரீதா வழக்கில், இது பெண்ணின் உடம்புமீதே சர்க்கார் போடுகிற ஜப்தி என்கிற பொருளில் அதைச் செல்லாதாக்கினார். மறு வருஷமே சுப்ரீம் கோர்ட் அதற்கு உயிர் கொடுத்துவிட்டது.

ஆறாவது வாதம், சர்க்காரின் வாதம்: வேறு சட்டங்கள் இருக்கின்றனவே, அவை போதாதா? 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் இதைத்தான் சொன்னது. கணவன் செய்கிற காரியத்துக்கு வல்லுறவு என்று பெயர் வைப்பது மிகக் கடுமையாம், அளவுக்கு மீறியதாம். மனைவியின் சம்மதத்துக்குக் காப்பு வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறார்கள், பெயர்தான் கூடாதாம்!

இந்த 'வேறு சட்டங்கள்' ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று பாருங்கள். சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியில், 2017 டிசம்பரில் ஒரு பெண் கணவனின் பலாத்காரத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு அன்றே இறந்துபோனாள். இறப்பதற்குமுன் மாஜிஸ்டிரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தாள். கீழ்க்கோர்ட்டு பத்து வருஷம் தண்டனை விதித்தது. 2025 பிப்ரவரியில் ஹைகோர்ட் அவனை விடுதலை செய்தது. நீதிபதி கண்மூடிப்போனார் என்று சொல்லமாட்டேன். சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். மனைவிக்கு வயது வந்துவிட்டது. ஆகையால் அவள் சம்மதம் பொருட்டல்ல. செத்தவள் பேசினாள், சட்டம் அவளைக் கேட்கவில்லை.

கோர்ட்டுகளே இதில் இரண்டு மனமாகத்தான் இருக்கின்றன. 2022 மார்ச்சில் கர்நாடக ஹைகோர்ட், கணவன்மீது வல்லுறவு வழக்கு நடக்கட்டும் என்றது. அதே மே மாதம் 11-ந் தேதி டில்லி ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள்: ராஜீவ் ஷக்தர் விதிவிலக்குச் செல்லாது என்றார், ஹரிசங்கர் செல்லும் என்றார். செப்டம்பர் 29-ல் சுப்ரீம் கோர்ட், கருக்கலைப்புச் சட்டத்தின் காரியத்துக்கு மட்டும், கணவன் செய்கிற வல்லுறவும் வல்லுறவே என்றது. அதாவது பலாத்காரத்தால் தரித்த கருவைக் கலைக்கலாம். பலாத்காரம் செய்தவனைக் கேட்க முடியாது! 2024 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. தலைமை நீதிபதி ஓய்வு பெறப் போகிறார் என்று வேறு அமர்வுக்குத் தள்ளி வைத்தார்கள். நீதிபதிகளுக்கு ஓய்வு உண்டு. இந்தப் பெண்களுக்கு எந்த இரவில் ஓய்வு?

பெயர் இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்குக் கணக்குச் சொல்லுகிறேன். பாதிக்கப்பட்டவள் பெயரை வெளியிடக் கூடாது என்ற காப்பு, தனியார் ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்ற விதி, 2018-ல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் வகுத்த திட்டத்தில் வல்லுறவுக்கு ஆளானவருக்கென்று வைத்த 4 லட்சத்திலிருந்து 7 லட்சம் ரூபாய் வரையுள்ள இழப்பீடு, இவையெல்லாம் குற்றத்தின் பெயரோடு முடிச்சுப் போட்டவை. பெயர் இல்லையென்றால் முடிச்சும் இல்லை. பிரிந்து வாழ்கிற மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தால் இரண்டிலிருந்து ஏழு வருஷம் தண்டனை என்று 67-ம் பிரிவு சொல்லுகிறது. ஆக, வீட்டை விட்டுப் போய்விட்டவளுக்குச் சட்டம் கொஞ்சம் காது கொடுக்கிறது. போக இடமில்லாதவளுக்குக் கொடுப்பதில்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவளுக்குக் காப்பு குறைவு!

ஆபத்து எங்கே என்பதில் சந்தேகம் வேண்டாம். சர்க்காரே எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், பாலியல் பலாத்காரத்துக்கு ஆளானதாகச் சொன்ன மணமான பெண்களில் நூற்றுக்கு 82 பேர், செய்தவன் இப்போதைய கணவன் என்றார்கள். இன்னும் பதினான்கு பேர் முன்னாள் கணவன் என்றார்கள். தெருவிளக்கு இல்லாத சந்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம். விளக்கு எரிகிற வீட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

தூத்துக்குடியிலேயே இரண்டு பெண்களை நினைத்துப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் கற்பனைக்கு அதிக வேலை இல்லை. ஒருத்தி உப்பளத்துக்குப் போகிறவள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க, விடியுமுன்பே எழுந்து போகிறாள். கூலி அன்றாடம். ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. கோர்ட்டில் வாய்தா விழுந்தால் மறுபடி ஒரு நாள். இன்னொருத்தி துறைமுக ஆபீசில் உத்தியோகம் பார்க்கிறவனின் மனைவி. வாடகை வீடு அவன் பெயரில். பாங்கிக் கணக்கு அவன் பெயரில். அவளுக்கு ஒரு படிப்பும் இரண்டு குழந்தைகளும். முதலாமவள் அக்கம்பக்கத்தில் வாய்விட்டு அழக்கூடும். இரண்டாமவளுக்கு அதுவும் முடியாது. மானம் குறுக்கே நிற்கிறது. அவள் தாய்க்கு டெலிபோன் செய்தால் என்ன பதில் வரும்? "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். நீதான் அனுசரிச்சுப் போணும்ட்டி." கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். கல் மனைவியின்மேல் விழுந்தால் என்ன செய்வது என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை.

ஆகவே சட்டப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்தால் மட்டும் போதாது. அந்த வரியை அடிக்கவேண்டும். அது முதல் வேலை. அதோடு அவளுக்கு ஓர் இரவு தங்க இடம் வேண்டும். மறுநாள் சாப்பாடு வேண்டும். திரும்பி வீட்டுக்குப் போனால் அவன் கை நீளாது என்ற உத்தரவாதம் வேண்டும். இவற்றில் சில இப்போதே கையில் இருக்கின்றன, பலருக்குத் தெரியவில்லை. 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க மனைவிக்கு உரிமை உண்டு. அவனை வெளியே போகச் சொல்லவும் மாஜிஸ்டிரேட் உத்தரவு போடலாம். ஜீவனாம்சம் வாங்கித் தரலாம். உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை. 1987-ம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்ணுக்கு வக்கீல் உதவி இலவசம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் போலீஸ் நிலையங்கள் இன்று மாநிலம் முழுவதும் இருக்கின்றன. 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். இவை போதாதவை, ஆனால் இல்லாதவை அல்ல. மகளிர் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாள், "புருஷன்தானே, சமாதானமாய்ப் போ" என்று திருப்பி அனுப்பாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்றால், இது குற்றம் என்று சட்டம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் பெயர் வேண்டும் என்கிறேன்.

சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு கேட்கிறோம், குடிநீர் கேட்கிறோம். 63-ம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கை எடுப்பீர்களா என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுவார்கள், திணறட்டும்.

அதுவரை சட்டத்துக்காகக் காத்திராமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. கல்யாணம் முடிந்து ஆறாவது மாதமோ ஆறாவது வருஷமோ, மகள் ஒரு பெட்டியோடு தனியாக வந்து வாசலில் நிற்பாள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். அப்போது "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்காதீர்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்காதீர்கள். அடுத்த பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பாதீர்கள். பெட்டியை வாங்கி உள்ளே வையுங்கள். அவள் சொல்லுகிறபோது சொல்லட்டும். சொன்னதை நம்புங்கள்.